கணக்கில் ஏறாத மீன்

மலேசியாவின் கேமரன் மலையில் காடழித்துத் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இன்று அதே சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும் கொண்டு கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவர், நேபாளியர், இந்தோனேசியர்தான் அதிகம். அவர்களில் வங்காளதேசத்துக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் விட்டுவந்த நாட்டில் ஆறு, சதுப்பு ஏரி, மழைக்கால வெள்ளக்காடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன் மீன் கொடுக்கின்றன. வளர்ப்புக் குளத்து மீன் இதில் சேர்த்தியில்லை. வலைவீசியும் பறிவைத்தும் பிடித்தது மட்டும். அவர் வந்து சேர்ந்த மலேசியாவிலோ 2010களின் பிற்பகுதியில் ஆறு, ஏரிகளில் பிடித்ததாக ஏட்டில் ஏறியது ஆண்டுக்குச் சுமார் 6,000 டன். பரப்பளவில் மலேசியா வங்காளதேசத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மழைக்கும் ஆற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. இருந்தும் மீனில் 200 மடங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசத்துக்குப் பாதி விடை நிலத்திலேயே இருக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் ஆண்டுதோறும் கரை புரண்டு பரவும் சமவெளி அது. அங்கே வெள்ளம் என்றால் மீன். தீபகற்ப மலேசியாவின் ஆறுகள் குட்டையானவை. மிக நீளமான பகாங் ஆறே சுமார் 450 கிலோமீட்டர்தான். தவிர மலேசியர் உலகிலேயே அதிகமாக மீன் உண்பவர்களில் சேர்ந்தவர்கள் என்றாலும், தட்டில் விழுவது பெரும்பாலும் கடல் மீன். அதே காலத்தில் கடலில் 14 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்த நாட்டில், ஆற்று மீன் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது.

மீதிப் பாதி விடை, யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நான் இங்கே எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

உலகக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் ஒவ்வொரு நாடும் அனுப்பும் எண்களைக் கூட்டி வெளியிடுகிறது. 1950இல் உலகின் உள்நாட்டு நீர்நிலைகளில் பிடித்த மீன் 20 லட்சம் டன் அளவில் இருந்தது. 1980களில் ஆண்டுச் சராசரி 57 லட்சம் டன். 1990களில் 71 லட்சம், 2000களில் 93 லட்சம். 2019இல் 1 கோடியே 21 லட்சம் டன் என்ற உச்சத்தைத் தொட்டது. பிறகு சற்றே இறங்கி, 2022இல் 1 கோடியே 13 லட்சம். ஏறத்தாழ 16 நாடுகள் மட்டும் இதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடிக்கின்றன. ஆசியாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு, ஆப்பிரிக்காவுக்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

எழுபது ஆண்டுகளில் ஐந்தரை மடங்கு. கடலில் பிடிப்பது 1990களிலிருந்து ஏறாமல் நின்றுபோன நிலையில், ஆறுகளும் ஏரிகளும் மட்டும் எப்படி ஏறிக்கொண்டே வந்தன? இதே காலத்தில்தான் உலகப் பேராறுகளில் பாதிக்கு மேல் அணைகளால் துண்டுபட்டன. சதுப்புகள் மண்மூடின. இடம்பெயரும் நன்னீர் மீன்களின் எண்ணிக்கை 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 81 சதவீதம் சரிந்ததாக உயிரினக் கண்காணிப்பு அறிக்கை ஒன்று சொல்கிறது. மீன் அருகிவர, பிடிப்பு கூடுகிறது என்றால் எங்கோ இடிக்கிறது.

இடிக்கும் இடம் ஒன்றல்ல, பல. ஏற்றத்தில் ஒரு பகுதி, முன்பு எண்ணாததை இப்போது எண்ணத் தொடங்கியதால் வந்தது. கடல் மீன் துறைமுகத்தில் இறங்குகிறது. தராசோடு ஓர் ஆள் நின்றால் கணக்கு எடுத்துவிடலாம். ஆற்று மீனுக்குத் துறைமுகம் கிடையாது. ஆயிரம் துறைகளில், ஆளுக்கு அரைக்கிலோ, ஒரு கிலோவாகக் கரையேறி நேரே சட்டிக்குப் போய்விடும். சந்தைக்கே வராத மீனைச் சந்தையில் நின்று எண்ண முடியாது. அதனால் பல நாடுகளில் அதிகாரிகள் நீர்ப்பரப்பை ஒரு சராசரியால் பெருக்கி எண் எழுதுவார்கள்; சென்ற ஆண்டு எண்ணோடு கொஞ்சம் கூட்டி அனுப்புவதும் உண்டு. இன்னும் சில நாடுகளில் அணைகளில் குஞ்சு விட்டு, வளர்ந்த பின் பிடிப்பதும் பிடிப்புக் கணக்கிலேயே சேர்கிறது. மேட்டூரிலும் பவானிசாகரிலும் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டுப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஆறு தானாகக் கொடுத்தது எவ்வளவு, நாம் போட்டு எடுத்தது எவ்வளவு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2018இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தது. பிடித்தவரை விட்டுவிட்டு, சாப்பிட்டவரைக் கேட்டால் என்ன? நாடுகள் எடுத்து வைத்திருக்கும் வீட்டுச் செலவு, உணவுக் கணக்கெடுப்புகளில் ஒரு வீட்டில் எவ்வளவு நன்னீர் மீன் சமைக்கிறார்கள் என்ற தகவல் இருக்கும். அதிலிருந்து வளர்ப்பு மீனையும் வெளிநாட்டிலிருந்து வந்ததையும் கழித்தால் மிஞ்சுவது ஆற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் வந்தாக வேண்டும். 42 நாடுகளுக்கு இப்படிப் பார்த்ததில், அரசுகள் சொன்னதைவிட உண்மைப் பிடிப்பு ஏறத்தாழ 65 சதவீதம் கூடுதல். எண் ஏறுகிறது என்று ஒரு பக்கம். அந்த எண்ணே ஐந்தில் ஏறத்தாழ இரண்டு பங்கைத் தவறவிட்ட எண் என்று மறுபக்கம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏறுவோம்.

கேமரன் மலையின் முக்கிய ஆறுகள் பெர்த்தாம், தெலோம், லெமோய். இவை கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றில் கலந்து, பகாங் ஆறாகி, தென்சீனக் கடலைச் சேர வேண்டியவை. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1933இல் பாரத் தோட்டம் வந்தபோதும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1963இல் பெர்த்தாமுக்குக் குறுக்கே ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. தெலோம் ஆற்று நீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பினார்கள். வழியில் ராபின்சன் அருவி, ஹாபு போன்ற சிறு மின்நிலையங்கள். அணையில் தேங்கும் நீரை மறுபடி மலையைக் குடைந்து மேற்கே, பேராக் மாநிலத்தின் பாத்தாங் பாடாங் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். அங்கே பூமிக்கடியில் இருக்கும் ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு அது மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் பிறந்த நீர் மேற்குக் கடலில் விழுகிறது. பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீர் மலைமுகட்டைக் கடந்துவிட்டது, மீனால் கடக்க முடியாது. அணைக்குக் கீழே பெர்த்தாமில் மிஞ்சியது, திறந்துவிட்டால் வெள்ளம், மூடிவிட்டால் கசிவு. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வெள்ளத்துக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று வண்டல். ரிங்லெட் ஏரி தொடக்கத்தில் 63 லட்சம் கன மீட்டர் நீர் கொள்ளும்படி கட்டப்பட்டது. அதில் பாதியளவை மண் பிடித்துக்கொண்டது. மின்வாரியம் ஆண்டு முழுக்கத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறது. மேலே இருந்து மண் வந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்த மறுநாள் ஹாபு பக்கம் சாலையோரம் நின்று பாருங்கள். ஏரி தே தாரிக் நிறத்தில் இருக்கும்.

மண் எங்கிருந்து வருகிறது என்பதில் தேயிலைக்கு நியாயம் செய்ய வேண்டும். காட்டை வெட்டிச் செடி நட்ட முதல் சில ஆண்டுகளில் தேயிலைச் சரிவும் மண்ணை அவிழ்த்துவிடத்தான் செய்தது. ஆனால் செடிகள் தோளோடு தோள் சேர்ந்து மூடிக்கொண்ட பிறகு மழைத்துளி நேரே மண்ணில் விழுவதில்லை. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்குப் பல முறை கிளறி, பயிர் மாற்றும் காய்கறித் தோட்டம் அப்படியல்ல. கம்போங் ராஜா, கோலா தெர்லா, புளூ வேலி, எல்லை தாண்டி கிளந்தானின் லோஜிங் என்று, 1970களுக்குப் பிறகு பரவிய காய்கறி நிலங்களும், சட்டத்துக்கு உட்பட்டும் உட்படாமலும் வெட்டப்பட்ட குன்றுகளும்தான் பெரும் சுமையை ஆற்றில் இறக்குகின்றன. நம் வீட்டு முட்டைக்கோசுக்கும் தக்காளிக்கும் இதில் பங்கு உண்டு.

சரி, மண் கலந்தால் மீனுக்கு என்ன? பெரிய மீன் கலங்கல் நீரிலும் நீந்தத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அடி விழுவது முட்டைக்கு. மலேசிய மலையோடை மீன்களில் மதிப்பு மிக்கது கெலா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் காவிரியின் மாசீருக்கு நெருங்கிய உறவு. மலையடிவாரத்தின் தெளிந்த, வேகமான, கல்லடி நீர்தான் அதன் வீடு. கெலாவும் அதன் உறவுகளும் கூழாங்கல் பரப்பில் முட்டையிடுகின்றன. முட்டை கல்லிடுக்கில் விழுந்துவிடும். அங்கே கொத்தித் தின்ன வருபவர் குறைவு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் நீர் முட்டைக்கு ஆக்சிஜனைக் கொண்டுவரும், கழிவைக் கழுவிக்கொண்டுபோகும். குஞ்சு வெளிவர மூன்று நான்கு நாள் பிடிக்கும். அந்த மூன்று நான்கு நாளில் ஒரு நல்ல மழை பெய்து, மேலே வெட்டிய குன்றிலிருந்து நுண்மண் இறங்கினால் போதும். கல்லிடுக்கு அடைபடுகிறது. முட்டையின் மேல் மெல்லிய படலமாக மண் படிகிறது. நீர் ஓடவில்லை, ஆக்சிஜன் வரவில்லை. முட்டை இருந்த இடத்திலேயே செத்து வெளுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. மேலே நீந்தும் தாய் மீனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தூண்டில்காரர் கண்ணுக்கு ஆறு நன்றாகத்தான் இருக்கும், அடுத்த தலைமுறை வராமல் போகும்வரை.

கல்லில் ஒட்டி வாழும் அயிரை வகைகளுக்கு இன்னும் மோசம். கல்லின் மேல் படரும் பாசியும் பூச்சிப் புழுக்களும்தான் அவற்றின் சோறு. மண் மூடிய கல்லில் பாசிக்கு வெளிச்சம் இல்லை.

இப்போது அதே ரிங்லெட் ஏரியில் திலாப்பியாவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்பார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜாவா வழியாக, ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்தது. அதனாலேயே பழைய தலைமுறை மலாய்க்காரர்கள் இதை இக்கான் ஜெப்பூன் என்று சொல்வார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 1952இல் வந்துசேர்ந்தது. இந்த மீன் எங்கே போனாலும் ஏன் ஜெயிக்கிறது என்பதற்கு ஒரு காரணம் அதன் வாயில் இருக்கிறது. பெண் மீன் முட்டையிட்டதும் அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. பொரியும்வரை, பொரித்த பின்னும் சில நாள், வாய்க்குள்ளேயே வைத்து நீரை அலசிக்கொண்டே இருக்கும். அதுவரை சரியாகத் தின்னாது. ஆபத்து வந்தால் வெளியே மேயும் குஞ்சுகள் மறுபடி வாய்க்குள் ஓடிவந்துவிடும். கல்லிடுக்கு அடைபட்டால் இதற்கென்ன, ஏரியடி முழுக்கச் சேறானால்தான் இதற்கென்ன? முட்டை தரையைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆக, ஒரு மலையோடையை அணைகட்டி ஏரியாக்கி, அந்த ஏரியில் மண்ணை நிரப்பினால், கல்லை நம்பும் மீன் போய், வாயை நம்பும் மீன் வரும். கிலோக் கணக்கில் பார்த்தால் நட்டமே தெரியாது. தெளிந்த குளிர்ந்த ஓடை எப்போதுமே எடையில் ஏழை. உரம் கரைந்து வரும் தேங்கு நீரில் பாசி கொழிக்கும், அதைத் தின்னும் மீனும் கொழிக்கும். ஓடையாக இருந்தபோது கிடைத்ததைவிட ஏரியில் டன் கூடவே கிடைக்கலாம். உள்நாட்டு மீன்பிடிப்பு ஏறியது என்று ஓர் அறிக்கை எழுதினால் அது பொய்யாகாது. ஓடையில் இருந்த பத்திருபது இனங்கள் போய் இரண்டு மூன்று மிஞ்சியது அந்த வாக்கியத்தில் எங்கும் இருக்காது, அவ்வளவுதான்.

உலகமெங்கும் இதுதான் நடக்கிறது. விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரும்மீனை விட்டார்கள். அது அங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்களைத் தின்றே தீர்த்தது. பிடிப்பு எடையோ பல மடங்கு கூடி, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆனது. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில் வேறு விதம். அங்கே மழைக்காலத்தில் மேக்கோங் பெருகி, கிளையாறு பின்னோக்கி ஓடி, ஏரி 2,500 சதுர கிலோமீட்டரிலிருந்து 15,000 வரை விரியும். விரியும் நீர் காட்டுக்குள் புகும்; இலை, புழு, பழம் எல்லாம் மீனுக்கு உணவாகும். எந்த ஆண்டு வெள்ளம் பெரிதோ அந்த ஆண்டு மீன் பெரிது. மேலே சீனத்திலும் லாவோசிலும் அணைகள் வரவர இந்த மூச்சு தளர்கிறது. அங்கே மொத்த எடை நெடுநாள் தாக்குப்பிடித்தது. ஆனால் ஆளுயர மீன்கள் போய் விரலளவு மீன்கள் அந்த எடையை நிரப்பின. பெரியது பத்து வயதில் முட்டையிடும், சிறியது ஆறு மாதத்தில். வலை அடர்த்தியானால் தாக்குப்பிடிப்பது சிறியதுதான்.

நம் ஊரில் இதற்கு முன்கதை உண்டு. உள்ளம் என்ற மீன், வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவார்களே அதேதான், ஒரு காலத்தில் வங்கக் கடலிலிருந்து காவிரிக்குள் ஏறி முட்டையிட வந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. புதுவெள்ளம் வந்து கடலில் கலந்தால்தான் அந்த மீனுக்கு ஆறு இருப்பதே தெரியும். வெள்ளத்தை அணை நிறுத்திவிட்டது. காவிரி உள்ளம் சில பத்தாண்டுகளில் பேச்சளவில் நின்றது. கங்கையில் 1975இல் ஃபரக்கா தடுப்பணை வந்தபோது மறுபடியும் இதே கதை. மேட்டூர் ஏரியில் இன்று பிடிபடும் டன் கணக்கு எங்கும் கிடைக்கும். உள்ளம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் பழைய மீன்வளத் துறைக் குறிப்புகளைத் துழாவ வேண்டும்.

கேமரன் மலைக்குக் கீழே கதை இன்னும் முடியவில்லை. 2016இல் உலு ஜெலாய் நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியது: பெர்த்தாம் ஆற்றில் சூசு என்ற இடத்தில் இன்னோர் அணை, தெலோம், லெமோய் நீரும் அதற்குத் திருப்பிவிடப்பட்டது, 372 மெகாவாட். மின்சாரத்தின் கணக்கு ஒரு மெகாவாட் பிசகாமல் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்குகளில் வாழும் செமாய் பூர்வகுடியினர் நாள்தோறும் அந்த ஆறுகளிலிருந்து எடுத்து வந்த மீனுக்குச் சந்தை விலை கிடையாது, ரசீது கிடையாது. ஜெலாய்க்கும் கீழே தெமர்லோவில் பாத்தின் மீன் பெயர் போனது. புளிக்கவைத்த டுரியானில் சமைக்கும் பாத்தின் தெம்போயாக் சாப்பிடவே கோலாலம்பூரிலிருந்து வண்டி ஓட்டி வருவார்கள். அங்கே இலையில் விழுவது பெரும்பாலும் கூண்டிலும் குளத்திலும் வளர்த்த பாத்தின். ஆற்றில் பிறந்த பாத்தின் கிடைத்தால் விலையே வேறு. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றால் இத்தனை வயிற்றை நிரப்ப முடியாது.

உலக அளவிலும் இந்த மாற்றம் பெரியது. 2022இல் உள்நாட்டு நீரில் வளர்த்து எடுத்தது 5 கோடியே 91 லட்சம் டன், பிடித்ததைப் போல் ஐந்து மடங்கு. அதே ஆண்டு கடலையும் சேர்த்துப் பார்த்தாலும் பிடிப்பை வளர்ப்பு முந்தியது, முதல் முறையாக. ஆற்றில் குறைந்ததைக் குளத்தில் ஈடுகட்டிவிட்டோம், பிறகென்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஈடு ஆனது எடை. குளத்து மீனுக்குக் குத்தகை, தீவனம், மின்சாரம், முதலாளி எல்லாம் உண்டு. காசு கொடுத்தால்தான் கிடைக்கும். ஆற்று மீன் தூண்டில் வைத்திருப்பவருக்குச் சொந்தம். சம்பளம் பற்றாத மாதக் கடைசியில் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் சட்டியில் விழுந்தது அந்த இரண்டாவது வகை. முள்ளோடு, தலையோடு முழுசாகத் தின்னும் சிறு மீனில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து ஏயும் வளர்ப்பு மீனின் வெள்ளைத் துண்டில் அந்த அளவுக்கு இல்லை.

எந்த மீன் எண்ணப்படும் என்பதை யார் பிடிக்கிறார் என்பதே முடிவு செய்திருக்கிறது. தேயிலை நாடுகளின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. வெள்ளைக்காரத் துரைமார்கள் நுவரெலியாவிலும் நீலகிரியிலும் மூணாறிலும் டிரவுட் மீனைக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். முட்டையைப் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலேற்றி, பாதி வழியில் செத்து, மறுபடி அனுப்பி, கடைசியில் 1900களின் தொடக்கத்தில் நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தே விட்டார்கள். நீலகிரியில் 1877இல் தொடங்கிய வேட்டைச் சங்கம், 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், உரிமச்சீட்டு, ஆளுக்கு இத்தனை மீன் என்ற வரம்பு. பொழுதுபோக்குக்குப் பிடித்த டிரவுட் பற்றி இன்று நூறு ஆண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. அதே ஓடையில் லயத்துப் பிள்ளைகள் துண்டு விரித்துப் பிடித்த மீன்களுக்கு ஒரு வரி கிடையாது. டிரவுட் வந்தபின் அந்த நாட்டு மீன்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்ணே இல்லை. எண்ணாத மீன் காணாமல் போனால் எந்தக் கோடும் கீழே இறங்காது.

இதனால்தான், இறங்காத கோட்டைக் கண்டு ஆறுதல் கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இறங்கிய கோட்டைக் கண்டு பதறுவதிலும் இல்லை. உலகப் பிடிப்பு 2019க்குப் பின் குறைந்ததில் பெரும் பங்கு சீனாவுடையது. 2021 ஜனவரி 1 முதல் யாங்சே ஆற்றில் பத்தாண்டு மீன்பிடித் தடை. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மீனவர்கள் வலையைச் சுருட்டினார்கள். 2017இல் 22 லட்சம் டன் அளவில் இருந்த சீனப் பிடிப்பு 2022இல் 12 லட்சமாகியது. யாங்சேயின் கத்திமூக்குப் பெருமீன் அற்றுப்போன பிறகு வந்த தடை. அந்த இனத்துக்கு அது உதவவில்லை. மற்றவற்றுக்கு உதவும். 2022இல் 19 லட்சம் டன் பிடித்த இந்தியா, சீனா இறங்கியதால் முதலிடத்துக்கு வந்தது. இதைச் சாதனை என்று சில செய்தித்தாள்கள் கொண்டாடின. ஓட்டத்தில் முன்னால் போனவர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வங்காளதேசம் இலிஷ் மீனை இனமாகவே தனித்து எண்ணியது. குஞ்சு பிடிக்கத் தடை, அக்டோபரில் முட்டையிடும் 22 நாள் முழுத் தடை, தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரிசி. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் இருந்தது, 2010களின் முடிவில் 5 லட்சத்தைத் தாண்டியது. மலேசியாவிலேயே சபாவில் தகால் என்று ஒரு வழக்கம்: ஆற்றின் ஒரு பகுதியைக் கிராமமே மூடி வைக்கும், குறிப்பிட்ட நாளில் மட்டும் திறந்து பங்கிட்டுக்கொள்ளும். 2003இல் சபா அரசு அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பாபாகோன் ஆற்றில் காணாமல் போன மீன்கள் முழங்கால் ஆழத்தில் கூட்டமாக வந்து நிற்பதை இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். பகாங்கிலும் தாமான் நெகாராவின் லூபோக் தெனோரில் கெலாவுக்கு ஒரு சரணாலயம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: எந்த இடம், எந்த மீன் என்று பெயர் சொல்லிக் காத்தார்கள். மொத்த டன்னைக் காத்து எந்த மீனும் பிழைத்ததில்லை.

மேற்கு மலேசியாவில் ஆறும் ஆற்று மீனும் மாநில அரசுகளின் கையில். மின்சாரம் மத்திய அரசின் கவலை, காய்கறி வேளாண் துறையின் கவலை. மூன்றுக்கும் நடுவில் ஓடை விழுந்து கிடக்கிறது. கேமரன் மலையில் தோட்டங்களில் வளர்ந்தவர்களும் செமாய் கிராமத்து முதியவர்களும் இருக்கும்போதே ஒரு வேலை செய்யலாம். எந்த ஓடையில் எந்த மீன், எந்த மாதம், எவ்வளவு நீளம் என்று எழுதி வாங்கலாம். பிடிபட்ட மீனை அடிக்கோல் பக்கத்தில் வைத்து ஒரு படம், தேதி, ஓடையின் பெயர். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. பள்ளிக்கூட அறிவியல் மன்றமே செய்துவிடும். எழுதியதை மீன்வளத் துறைக்கும் அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் அனுப்புங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. கேமரன் மலைக்கு வடக்கே, கிளந்தானில், 300 மெகாவாட் நெங்கிரி அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்தும் ஒன்று வரும். எந்த அணைக்கும் அனுமதி கொடுக்கும் முன், மேலும் கீழுமுள்ள ஊர்களில் ஓராண்டு முழுக்க வீடு வீடாக, சட்டியில் விழுந்த மீனை இனம் பிரித்து எண்ண வேண்டும் என்று சட்டம் போடுங்கள். அணை கட்ட ஐந்தாறு ஆண்டு ஆகிறது. மீன் எண்ண ஓராண்டு அதிகமில்லை.